மாதிரி மரக்கலங்களும் கலச்சொல் ஆராய்ச்சியும்

ஒரு மொழியில் மரக்கலம் பற்றிய சொற்கள் பல நிலைத்திருப்பவும், அச்சொற்கள் குறித்த கலங்களின் வடிவம் மறைந்துபோதல் உண்டு. தமிழே இதற்குத் தக்க சான்றாகும். நாவாய், வங்கம், அம்பி, திமில், பஃறி, தோணி, ஓடம் எனச் சங்க நூல்களிலும் பின்னூல்களிலும் வழங்கும் பெயர்கள் பல. ஆயின், வங்கத்தின் அடிப்பகுதி தட்டையானதா கூரியதா, திமிலின் பலகைகள் ஆணியால் அறையப்பட்டனவா கயிற்றால் தைக்கப்பட்டனவா என வினவின், உரைகள் விடை தருவன அல்ல. 'மரக்கலம்' என்றோ, 'ஒருவகைத் தோணி' என்றோ கூறி உரையாசிரியர் அமைவர். நிகண்டுகளோ இப்பெயர்களை ஒருபொருட் பன்மொழியாகத் தொகுத்துவிடும். இக்குறை சொல்லாய்வு ஒன்றனாலேயே நீங்குவதன்று. மேனாட்டில் இதனையொத்த குறையை நீக்கப் பெருந்துணை புரிந்தது, ஓய்வு நேரத்தில் மரத்தால் சிறு கப்பல் கட்டுவோரின் முயற்சி. அம்முயற்சி எவ்வளவிற்குச் சான்றாகும், எவ்விடத்துச் சான்றாகாது என்பதை ஆராய்தலே ஈண்டு நம் நோக்கம்.

இத்துறையில் முதற்கண் நினைக்கத்தக்கவர் இராபர்ட் மார்ட்டன் நான்சு (1873–1959). தமிழ் மாணவர் இவரை அறிந்திருத்தல் நன்று. ஏனெனில், இவர் மொழியறிஞர். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையாகிய கார்ன்வாலில் வழங்கி, 18ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் பேச்சு வழக்கு ஒழிந்த கார்னிய மொழிக்குப் புத்துயிர் அளிக்க முயன்றோருள் தலையாயவர். 1938இல் அம்மொழிக்கு அகராதி வெளியிட்டவர். அவரே 1924இல் பாய்க்கப்பல் மாதிரிகளைப் பற்றித் தனி நூல் ஒன்று இயற்றினார். கார்ன்வால் கடற்கரை மக்களின் வாயிலிருந்து அவர் திரட்டிய கடற்சொற்கள், அவர் மறைந்தபின் 1963இல் ஒரு தொகுதியாக வெளிவந்தன. சொல்லும் கலமும் ஒருவரிடத்தே கூடியதனை வியப்பெனக் கருதுதல் வேண்டா. ஒரு கயிற்றின் பெயரை அறிதல் வேறு. அக்கயிறு எம்மரத்தில் தொடங்கி, எவ்வுருளை வழியே சென்று, எங்கே கட்டப்படும் என்பதை அறிதல் வேறு. பின்னதை அறியாதான் எழுதும் அகராதி முன்னதோடு நின்றுவிடும்.

பழைய மாதிரிகள் யாவும் ஒரே நோக்கத்தாற் பிறந்தவை அல்ல. நோக்கம் வேறுபடவே, அவற்றின் சான்றுத் தகுதியும் வேறுபடும். கட்டலோனியாவிலுள்ள மட்டாரோ என்னும் ஊரினதாகக் கூறப்பெறும் சிறுகலம் 15ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. இன்று உரோட்டர்டாம் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளது. கடவுட்கு நேர்ந்துகொண்டு வழிபாட்டிடத்தில் வைக்கப்பெற்ற கலம் இது. அகலத்தை நோக்க இதன் நீளம் மெய்க்கப்பலினும் மிகக் குறைந்துள்ளது. எனினும், குறுக்குத் தூலங்களின் முனைகள் பக்கப் பலகையைத் துளைத்து வெளியே நீண்டிருத்தல் போன்ற கட்டுமான நுட்பங்கள் நம்பத்தக்கனவாக உள்ளன. நேர்த்திக்கடன் செலுத்துவோன் அளவுகோலைப் பொருட்படுத்தவில்லை. தொழிலிற் பழகிய கை தான் அறிந்ததை மறக்கவுமில்லை.

17ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி முதல் ஆங்கிலக் கடற்படைக்கென எழுந்த மாதிரிகள் இதற்கு மாறானவை. ஓரடிக்குக் காலங்குலம், அஃதாவது நாற்பத்தெட்டில் ஒரு பங்கு என்னும் அளவு அவற்றுட் பெருவழக்கு. கீழ்ப்பகுதியில் பலகை பொருத்தாது விலாச்சட்டங்கள் புறத்தே தோன்றுமாறு விடுதல் அவற்றின் மரபு. ஆயின், அச்சட்டங்களின் அடுக்குமுறை காட்சிக்கென வகுத்துக்கொண்ட ஒழுங்கேயன்றி, மெய்க்கப்பலின் உள்ளமைப்பு அன்று. அளவு செவ்விதாயின் அனைத்தும் செவ்விதாம் எனக் கொள்வோர் ஈண்டு வழுவுவர்.

பிரெஞ்சுப் போர்களில் (1793–1815) சிறைப்பட்டு நார்மன் கிராசு முதலிய இடங்களில் அடைபட்டிருந்தோர், தம் உணவில் எஞ்சிய எலும்பாலும் மரத்தாலும் செய்து விற்ற கலங்கள் மூன்றாம் வகையின. அவற்றின் செதுக்கு வேலைப்பாடு கண்டோரை மயக்கும். ஆயினும், வரைபடமின்றி நினைவு கொண்டு செய்யப்பட்டமையால் பாய்மரங்கள் அளவு மிஞ்சி உயர்ந்துள்ளமை பலவற்றிற் காணலாம். வாங்குவோரை ஈர்க்கப் புகழ்பெற்ற கப்பல்களின் பெயர்களும் பொருத்தம் நோக்காது சூட்டப்பட்டன. கலைப்பொருளாக இவை போற்றத்தக்கன. வரலாற்றுச் சான்றாக ஐயத்துடன் கொள்ளத்தக்கன.

இனி, 20ஆம் நூற்றாண்டில் இதனைப் பொழுதுபோக்காக மேற்கொண்டோரை நோக்குவோம். அவருள் பலர் கப்பற்றச்சர் அல்லர். நெல்சனின் 'விக்டரி' என்னும் கப்பலை நாற்பத்தெட்டில் ஒரு பங்காகக் கட்டி, அக்கப்பலின் உறுப்புகளை விளக்கி 1955இல் பெருநூல் எழுதிய நெப்பியன் லாங்ரிட்ச் ஒரு மருத்துவர். நூலின் பெயரிலும் உடற்கூற்றியல் என்னும் சொல்லை அவர் ஆண்டது பொருத்தமே. 1765இல் நீரில் இறக்கப்பெற்ற அக்கப்பலின் பீரங்கித் தட்டு 186 அடி நீளமுடையது. மாதிரியில் அது நாற்பத்தாறரை அங்குலமாகும்.

கட்டுவோன் முதலில் அடிமரமாகிய ஏராவை நிறுத்தி, அதன்மேல் விலாச்சட்டங்களை வரிசையாகப் பொருத்துகிறான். பின்னர்ப் பலகை வேயும்போதுதான் உண்மையான இடர்ப்பாடு தொடங்குகிறது. கலத்தின் சுற்றளவு நடுவில் மிகுதி. முன்புறமாகிய அணியத்திற் குறைவு. நடுவிற் செல்லும் பலகைகளின் எண்ணிக்கையே அணியத்திற்கும் செல்லுதல் வேண்டுமாயின், ஒவ்வொரு பலகையும் முனையை நோக்கி ஒடுங்க வேண்டும். அளவிற்கு மேல் ஒடுங்கின் ஆணி கொள்ளாது. ஆதலின், இரு பலகைகளை ஓரிடத்தில் நிறுத்தி ஒன்றாக்குதல் வேண்டும். பின்புறத்தின் கீழ்ப்பகுதியிலோ இடைவெளி விரிதலால், ஆப்புப்போன்ற குறும்பலகையைச் செருக நேரும். ஒரே அகலமுள்ள பலகைகளைக் கொண்டு தொடங்கியவன் மூன்றாம் நான்காம் வரிசையிலேயே பலகை தன் கைக்கு அடங்காது மேல்நோக்கி வளைதலைக் காண்பான். ஓவியத்திலும் செய்யுளிலும் இவ்வறிவு புலப்படாது. பழங்கலம் ஒன்றின் உடைந்த பலகை அகழ்வில் கிடைக்குமாயின், அதன் ஒடுக்கத்தைக் கொண்டு அது கலத்தின் எவ்விடத்தது எனக் கருதும் ஆற்றல் இப்பயிற்சியால் வருவது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. நீளம் நாற்பத்தெட்டில் ஒன்றாகச் சுருங்கினால், பருமன் 1,10,592இல் ஒன்றாகச் சுருங்கும். ஆகவே கலத்தின் வலிமையையோ, அலையில் அதன் நடையையோ மாதிரி கொண்டு நேரே துணிதல் இயலாது. இருபத்துநான்கு அங்குலச் சுற்றளவுள்ள நங்கூர வடம் மாதிரியில் அரையங்குலமாகும்; வடத்தை முறுக்கி ஒப்பாகச் செய்யலாம், அதனை இழுக்க வேண்டிய ஆட்களின் தொகையை ஒப்புக் காட்ட இயலாது. மரத்தின் இழையும் சுருங்குவதன்று. கருவாலி மரத்தாலாகிய கப்பலுக்கு நெருங்கிய இழையுடைய பேரி மரத்தை மாதிரியிற் கொள்வது இதனாலேயே.

சோழமண்டலக் கரைக்கும் இவ்வாராய்ச்சிக்கும் தொடர்பு உண்டு. பிரெஞ்சுக் கடற்படையைச் சார்ந்த எட்மோன் பாரி (1806–1893) என்பார் (பறம்பின் வள்ளலோடு பெயரொலி ஒத்தது தற்செயலே) உலகைச் சுற்றிய பயணங்களில் ஐரோப்பியர் அல்லாதார் கலங்களை அளந்து வரைந்து, 1840களில் நூலாக்கினார். நம் கரையின் கட்டுமரமும் சலங்கும் அதில் இடம்பெற்றன. பின்னர்ப் பாரிசு கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பேற்ற அவர், தம் வரைபடங்களைக் கொண்டு மாதிரிகளையும் செய்வித்தார். சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராகப் பணியாற்றிய சேம்சு ஆர்னெல் 1920இல் இந்தியப் படகுகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இவ்வழியில் வந்த மற்றொரு பெருமுயற்சி.

சலங்கு என்பது சென்னைத் துறைமுகம் கட்டப்படுமுன் அலைகடந்து ஆட்களையும் சரக்கையும் கரைசேர்த்த தையற்படகு. அதற்கு விலாச்சட்டம் இல்லை. பலகைகளின் விளிம்பில் துளையிட்டு, பொருத்துவாயில் நார் வைத்து, கயிற்றால் தைப்பர். அலை மோதுங்கால் பலகைகள் சிறிதே நெகிழ்ந்து மீளும். ஆணியறைந்த படகோ அம்மோதலில் பிளந்துபோம். இதன் மாதிரியைப் பசையிட்டு ஒட்டிச் செய்து கண்ணாடிப் பேழையில் வைப்போன் படகின் புறவடிவை மட்டுமே வைத்தவன் ஆவான். தைத்துச் செய்யப் புகுவோனுக்கோ வினாக்கள் எழும்: துளைகளின் இடைவெளி யாது? நார் உள்ளே அமைவதா, புறத்தே அமைவதா? நனைந்து விரிந்த கயிறு உலருங்கால் தளராதிருக்க என் செய்வர்? இவற்றிற்கு உரிய சொற்களை நாடி அவன் செல்ல வேண்டிய இடம் நிகண்டு அன்று. தையற்படகிற் பழகிய குடும்பங்கள் வாழும் கடற்கரைக் குப்பங்களே.