கப்பலில் வந்த அழையா விருந்து

விசாகப்பட்டினத்திலும் மும்பையிலும் கொச்சியிலும் வாழும் தமிழர் பலர், மாலை வேளையில் துறைமுகத்துப் பக்கம் சென்று, பெருங்கப்பல்கள் வந்து நிற்பதைக் கண்டு மகிழ்ந்திருப்பீர்கள். அது எந்நாட்டுக் கப்பல், அதில் என்ன சரக்கு என்று ஒருவரை ஒருவர் வினவிக்கொள்வதும் உண்டு. ஆனால் எந்தச் சரக்குப் பட்டியலிலும் இடம்பெறாமல், எந்தச் சுங்க அதிகாரியின் கண்ணிலும் படாமல், அக்கப்பல்களோடு வந்து இறங்கும் கூட்டம் ஒன்று உண்டு. அதன் வரலாற்றையே இன்று சிறிது நோக்குவோம்.

கடல் கடந்து வந்தவை யாவும் தீயவை அல்ல. நம் அடுக்களையில் அன்றாடம் இடம்பெறும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துக்குரியது. போர்த்துகீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது. முந்திரியும் அவ்வாறு வந்ததே. அவற்றை மனிதன் விரும்பிக் கொணர்ந்தான். தன் நிலத்தில் விதைத்தான். தன் மேற்பார்வையில் வளர்த்தான். நாம் இங்குப் பேசப்போவதோ, எவரும் அழையாமலே வந்த கடல் உயிர்களைப் பற்றி.

அவை வரும் வழிகள் இரண்டு. கப்பலின் அடிப்புறத்தில் சிப்பியும் பாசியும் ஒட்டிக்கொண்டு வருதல் ஒன்று. மரக்கலம் தோன்றிய நாள் முதலே இது நிகழ்ந்து வருகிறது. மற்றொன்று, மாலுமிகள் 'பாலாஸ்ட்' என்று வழங்கும் நிலைப்பாரம். சரக்கில்லாத கப்பல் அலையில் தள்ளாடும்; அது நிலையாக மிதப்பதற்குப் பாரம் வேண்டும். பண்டைய மாலுமிகள் கல்லையும் மணலையும் ஏற்றினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்புக் கப்பல்களும் நீராவி எந்திரங்களும் வந்தபின், கடல்நீரையே அடித்தொட்டிகளில் நிரப்பும் வழக்கம் பரவியது. ஒரு துறைமுகத்தில் நிரப்பிய நீரை, சரக்கு ஏற்றும் மற்றொரு துறைமுகத்தில் இறைத்துவிடுவார்கள். அந்நீரில் சிப்பி, நண்டு, மீன் முதலியவற்றின் முட்டைகளும், கண்ணுக்குப் புலப்படாத இளவுயிர்களும் இருக்கும் என்பதை அக்காலத்தில் யார் எண்ணினார்கள்?

1967ஆம் ஆண்டு விசாகப்பட்டினத் துறைமுகத்தில் புதிய சிப்பி ஒன்று காணப்பட்டது. அதன் நீளம் ஓர் அங்குல அளவே. அதன் தாயகம் கரீபியக் கடற்பகுதி. சிறிது காலத்துக்குள் அது மும்பைத் துறைமுகத்திலும் இருப்பதை 1975இல் அறிஞர்கள் எழுதினார்கள். பட்டு நூல் போன்ற இழைகளைச் சுரந்து, தூண், சங்கிலி, படகின் அடிப்பலகை, நீர்க்குழாய் ஆகியவற்றில் அடுக்கடுக்காக ஒட்டிக்கொள்வது இதன் இயல்பு. உப்பு மிகுந்த நீரையும் உப்புக் குறைந்த நீரையும் ஒருங்கே தாங்கும். பிறந்த சில வாரங்களிலேயே இனம் பெருக்கத் தொடங்கும். தாயகத்தில் இதனை அடக்கி வைத்த பகைகள் இங்கு இல்லாமையால், இதன் பெருக்கத்துக்கு எல்லை இல்லாமற் போயிற்று.

இதே சிப்பி 1999ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்துப் படகுத்துறையில் தென்பட்டது. அந்நாட்டார் ஒரு நாளும் தாமதிக்க விரும்பவில்லை. படகுத்துறைகளின் மதகுகளை மூடினார்கள்; நீரில் குளோரினையும் தாமிர சல்பேட்டையும் கலந்தார்கள். ஏறத்தாழ ஒரு மாதத்தில் சிப்பி அழிந்தது. அந்த நீரில் வாழ்ந்த மற்ற உயிர்களும் அதனோடு அழிந்தன. செலவு 20 இலட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். மதகு இருந்ததால் அவர்களுக்கு அது இயன்றது. திறந்த கழிமுகத்துக்கு மதகு ஏது?

நம் எண்ணூரே அதற்குச் சான்று. தென்னமெரிக்கக் கரைக்குரிய மற்றொரு சிப்பி 2016இல் சிங்கப்பூரிலும், 2019இல் கொச்சிக் காயலிலும் இருப்பது தெரியவந்தது. சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழியிலும் பழவேற்காட்டுப் பகுதியிலும் அது பரவியிருக்கிறது. மீனவர் அதனைக் 'காக்கா ஆழி' என்கின்றனர். மெத்தென்ற சேற்றின்மேல் அது பாய் விரித்தாற்போலப் படர்கிறது. அடியிலுள்ள மட்டிகள் மூச்சடைத்து மடிகின்றன. இறால் புதைந்து வாழ இடமில்லை. நீரில் அமர்ந்து, பனையோலைப் பையைப் பல்லிற் கவ்வி, வெறுங்கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் அங்கு உண்டு. அவர்களுக்கு வலையுமில்லை, படகுமில்லை. அந்தச் சேறே அவர்களுடைய வயல். அந்த வயலின்மேல் இன்று ஓடு படர்ந்து கிடக்கிறது.

இதனை ஒருதலைப்பட்சமாக நோக்குதலும் தகாது. நம் கரையில் காலங்காலமாக வாழ்வதும், மலையாளக் கரையில் விரும்பி உண்ணப்படுவதுமான பச்சைச் சிப்பி, 1990இல் டிரினிடாட் தீவிலும் 1999இல் புளோரிடாவிலும் காணப்பட்டது. அங்கு அது குழாய்களை அடைத்துத் தொல்லை தருகிறது. நமக்கு உணவானது அவர்களுக்கு இடரானது. ஆதலின் குற்றம் சிப்பியினுடையது அன்று. காவலின்றிக் கதவைத் திறந்து வைத்த மனிதருடையது.

அக்கதவுக்குத் தாழ் செய்யும் முயற்சியும் நிகழ்ந்துள்ளது. கப்பல் நிலைநீர் பற்றிய உலக உடன்படிக்கை 2004இல் உருவாகி, 2017ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. கரையில் ஏற்றிய நீரை ஆழ்கடலில் மாற்றிவிடுதல், பின்னர் அதனைத் தூய்மை செய்தே வெளியேற்றுதல் என்பவை அதன் நெறிகள். டார்வினில் 1999இல் நடந்ததையும் எண்ணூரில் இன்று நடப்பதையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை விளங்கும்: வந்து வேரூன்றியபின் விரட்டுதல் அரிது, வாயிலிலேயே தடுத்தல் எளிது.

அடுத்த முறை துறைமுகத்தில் ஒரு கப்பல் தன் பக்கவாட்டிலிருந்து நீரைக் கொட்டுவதைக் கண்டால், நேயர்களே, அது எந்தக் கரையின் நீர் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அதற்குரிய விடையில், எங்கோ ஒரு கழியில் சேற்றைத் துழாவும் கைகளின் பிழைப்பு அடங்கியிருக்கிறது.