ரீல்ஸ் பார்த்தே ராத்திரி போகுதா? சமூக வலைதளத்துக்கு 'அளவு' எது, எப்படிக் கண்டுபிடிப்பது?

காலையில் 5.30 மணிக்கு எழுந்திருக்கணும். அலாரம் வைக்கலாம் என்று இரவு 10.30 மணிக்கு போனைக் கையில் எடுக்கிறீர்கள். நடுவில் ஒரு நோட்டிஃபிகேஷன். அதைத் தொட்டால் ஒரு ரீல், அடுத்து ஒரு சமையல் வீடியோ, அதற்கடுத்து யாரோ இரண்டு பேரின் சண்டை. நிமிர்ந்து பார்த்தால் மணி 12.15. அலாரம் மட்டும் இன்னும் வைக்கவே இல்லை.

'எனக்குத்தான் கட்டுப்பாடு இல்லை' என்று இதற்காகத் தங்களையே நொந்துகொள்பவர்கள் அதிகம். ஆனால் மொத்தப் பழியையும் தலையில் போட்டுக்கொள்ளத் தேவையில்லை. அந்த ஆப்கள் உருவாக்கப்பட்ட விதமே அப்படி. அதைப் புரிந்துகொண்டால், எங்கே கை வைக்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

விரல் ஏன் நிற்க மாட்டேங்குது?

முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் முடிந்தால், அடியில் இருக்கும் 'அடுத்த பக்கம்' என்ற பட்டனை அழுத்த வேண்டும். அந்த ஒரு நொடி இடைவெளியில் 'போதும்' என்று தோன்ற வாய்ப்பு இருந்தது. 2006-ல் ஏஸா ராஸ்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், கீழே தள்ளத் தள்ள புதிதாக வந்துகொண்டே இருக்கும் 'முடிவில்லா ஸ்க்ரோல்' முறையை உருவாக்கினார். வசதிக்காகச் செய்த வேலை அது. அது மக்களின் நேரத்தை எப்படித் தின்கிறது என்று பார்த்த பிறகு, அதே ராஸ்கின் தான் செய்ததற்காக வருந்துவதாக வெளிப்படையாகவே பேசினார்.

செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. டிவியில் விளம்பர இடைவேளையாவது வரும், எழுந்து போய் தண்ணி குடிக்கலாம். ரீல்ஸில் விளம்பரம்கூட இன்னொரு ரீல் மாதிரியே வந்து போய்விடுகிறது.

இன்னொரு காரணம் 'அடுத்து என்ன வரும்' என்று தெரியாமல் இருப்பது. அமெரிக்க உளவியலாளர் பி.எஃப்.ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த ஆய்வுகள் இதில் பிரபலம். ஒவ்வொரு முறை கொத்தும்போதும் தீனி விழுந்தால் புறா தேவைக்குக் கொத்திவிட்டு நிறுத்திக்கொள்ளும். எந்தக் கொத்துக்கு விழும் என்று தெரியாவிட்டால் விடாமல் கொத்தும். பத்து சுமாரான வீடியோவுக்கு நடுவில் வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் ஒரு வீடியோ வருவதும் இதே கணக்குதான்.

இந்தியாவில் 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். நண்பர்களும் உறவினர்களும் என்ன போட்டார்கள் என்று பார்க்கப் போன இடத்தில், முகம் தெரியாதவர்களின் வீடியோக்களே நிரம்பின. தெரிந்தவர்களின் பதிவு ஒரு கட்டத்தில் தீர்ந்துவிடும். முன்பின் தெரியாதவர்களின் வீடியோ தீரவே தீராது.

சரி, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்க்கலாம்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஆனால் ஒரே பதில் கிடையாது.

2023 மே மாதம் அமெரிக்காவின் அப்போதைய சர்ஜன் ஜெனரல் விவேக் மூர்த்தி ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டார். ஒரு நாளில் 3 மணி நேரத்துக்கு மேல் சமூக வலைதளத்தில் இருக்கும் வளரிளம் பருவத்தினருக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்ற பிரச்னைகள் வரும் அபாயம் இரண்டு மடங்கு என்று அதில் சுட்டிக்காட்டப்பட்டது. மறுபக்கம், 2019-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏமி ஓர்பென், ஆண்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கி இருவரும் லட்சக்கணக்கான பிள்ளைகளின் தரவுகளை அலசினார்கள். மனநலத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தை மட்டுமே டிஜிட்டல் பயன்பாட்டோடு தொடர்புபடுத்த முடிந்தது.

ஒன்று பயமுறுத்துகிறது, மற்றொன்று 'பெரிதாக ஒன்றுமில்லை' என்கிறது. இரண்டிலும் ஒரு சிக்கல் பொதுவானது: போனால் மனம் சோர்கிறதா, சோர்ந்த மனம் போனைத் தேடுகிறதா என்பதை இப்படிப்பட்ட கணக்கெடுப்பு மட்டும் சொல்லிவிடாது.

அதனால்தான் ஆட்களின் பழக்கத்தை மாற்றிப் பார்த்த சோதனைகள் முக்கியமாகின்றன. 2018-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. ஒரு பிரிவினர் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் மூன்றையும் தலா 10 நிமிடம் மட்டுமே தினமும் பார்க்க வேண்டும். மூன்று வாரத்தில் அவர்களிடம் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் இன்னொன்று. கட்டுப்பாடு எதுவும் இல்லாமல், வழக்கம்போல பயன்படுத்தி அதை அளந்து மட்டும் காட்டிய பிரிவினரிடமும் பதற்றம் குறைந்தது. எவ்வளவு பார்க்கிறோம் என்று கவனிப்பதே பாதி வேலையைச் செய்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

அதே ஆண்டு அமெரிக்கத் தேர்தலுக்கு முன் சுமார் 2,700 பேரை வைத்து நடந்த இன்னொரு சோதனையில், ஒரு பிரிவினர் நான்கு வாரம் ஃபேஸ்புக்கை முடக்கி வைத்தார்கள். தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் மிச்சமானது. அந்த நேரம் குடும்பம், நண்பர்கள் பக்கம் போனது, தனியாக டிவி பார்ப்பதற்கும் போனது. (அதையும் சொல்லித்தானே ஆகணும்.) மகிழ்ச்சி கொஞ்சம் கூடியது, நாட்டு நடப்பு பற்றிய அறிவு கொஞ்சம் குறைந்தது. அதாவது, விட்டால் லாபம் உண்டு, நஷ்டமும் உண்டு.

ஆகவே மணிக்கணக்கைவிட உதவும் கேள்வி இது: போன் எதைச் சாப்பிடுகிறது? பேருந்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் 40 நிமிடத்தையா, தூக்கத்தின் 40 நிமிடத்தையா? முதலாவது பெரிய விஷயமில்லை. இரண்டாவது மறுநாள் வேலை, படிப்பு, கோபம் எல்லாவற்றிலும் தெரியும்.

எங்கிருந்து தொடங்கலாம்?

'இனிமே பார்க்க மாட்டேன்' என்ற சபதம் பெரும்பாலும் மூன்று நாள் தாங்காது. சபதத்தைவிட செட்டிங்ஸ் நம்பகமானது.

ஆண்ட்ராய்டு போனில் 'டிஜிட்டல் வெல்பீயிங்', ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்' என்ற பகுதி இருக்கிறது. எந்த ஆப்பில் எவ்வளவு நேரம், எத்தனை முறை போனைத் திறந்தீர்கள் என்று அது காட்டும். ஒரு வாரம் எதையும் மாற்றாமல் சும்மா பாருங்கள். மொத்த நேரத்தைவிட, எந்த நேரத்தில் அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

அது இரவு என்றால், செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: சார்ஜரை ஹாலுக்கு மாற்றுவது. போன் ஹாலில் தூங்கட்டும். அலாரத்துக்கு ஒரு சாதாரணக் கடிகாரம் போதும். ராத்திரி அவசர அழைப்பு வந்தால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானதுதான். ரிங்டோன் சத்தத்தைக் கூட்டி வைத்தால் ஹாலில் அடித்தாலும் கேட்கும்.

அடுத்து நோட்டிஃபிகேஷன். போன் அழைப்பு, நேரடியாக உங்களுக்கு வரும் மெசேஜ், வங்கி ஓடிபி இவை இருக்கட்டும். 'உங்களுக்காக ஒரு வீடியோ', 'இவர் லைவில் இருக்கிறார்' வகையறாவை அணைத்துவிடலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. வாட்ஸ்அப்பில் அபார்ட்மென்ட் குரூப், சொந்தக்காரர்கள் குரூப் எதிலிருந்தும் வெளியேறினால் சண்டை வரும். வெளியேற வேண்டாம், 'எப்போதும் மியூட்' போட்டு ஆர்க்கைவ் செய்துவிடுங்கள். பள்ளி குரூப்பை மட்டும் மியூட் செய்யாமல் விடலாம், வீட்டுப்பாடமும் விடுமுறை அறிவிப்பும் அதில்தான் வருகிறது.

யூடியூபில் பலருக்கும் தெரியாத ஒரு வழி உண்டு. பார்த்த வீடியோக்களின் ஹிஸ்டரியை அழித்துவிட்டு, அதைச் சேமிப்பதையும் நிறுத்திவிட்டால், முகப்புப் பக்கம் கிட்டத்தட்ட காலியாகிவிடும். வேண்டியதைத் தேடித்தான் பார்க்க முடியும். இன்ஸ்டாகிராமில் பரிந்துரைப் பதிவுகளை 30 நாளுக்கு நிறுத்தி வைக்கும் வசதி இருக்கிறது.

ஆப்புக்கு நேர வரம்பு வைப்பதும் உதவும், ஆனால் அதிலேயே 'வரம்பைப் புறக்கணி' பட்டனும் இருக்கும். ஐபோனில் அதற்கான பாஸ்கோடை மனைவியோ, கணவரோ, அறை நண்பரோ வைக்கட்டும். உங்களுக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது.

வீட்டிலிருந்தே புடவை, கேக் விற்பவர்களுக்கு இதெல்லாம் அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு இன்ஸ்டாகிராம்தான் கடை. கடைக்குத் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் உண்டுதானே? வாட்ஸ்அப் பிசினஸில் 'இப்போது இல்லை, காலையில் பதில் தருகிறோம்' என்று தானாகவே பதில் போகும்படி வைக்கலாம். இரவு 11 மணிக்கு விலை கேட்பவர் காலை 9 மணிக்கும் வாங்குவார்.

பிள்ளைகள் விஷயத்தில் என்ன செய்வது?

ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் சமூக வலைதளக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் அமலில் உள்ளது. மீறினால் நிறுவனங்களுக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை. இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு வகை. அது தடை விதிக்கவில்லை, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவைக் கையாள பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது.

இன்ஸ்டாகிராம் 2024-ல் 'டீன் அக்கவுண்ட்' கொண்டு வந்தது. 60 நிமிடம் ஆனால் நினைவூட்டும், இரவு 10 முதல் காலை 7 மணி வரை நோட்டிஃபிகேஷன் வராது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் பல பிள்ளைகள் அம்மாவின் போனில், அப்பாவின் கணக்கில்தான் பார்க்கிறார்கள். சொந்தக் கணக்கு என்றாலும் பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டிருப்பார்கள். அந்த ஆப்பைப் பொறுத்தவரை உங்கள் 12 வயது மகள் 38 வயது ஆள். எந்தப் பாதுகாப்பும் வேலை செய்யாது. கணக்கில் இருக்கும் வயது என்ன என்று இன்றே பார்ப்பது நல்லது.

போனை வெடுக்கென்று பிடுங்குவது பெரும்பாலும் சண்டையில்தான் முடியும். 'சாப்பாட்டு நேரத்தில் யார் கையிலும் போன் இல்லை' என்று பேசி வைத்துக்கொள்ளும் விதி நிற்கும், அப்பாவும் தாத்தாவும் அதற்குக் கட்டுப்பட்டால்.

எப்போது உதவி தேடணும்?

குறைக்க பலமுறை முயன்றும் முடியவில்லை, போன் இல்லாவிட்டால் எரிச்சலும் ஆத்திரமும் வருகிறது, தூக்கம், மதிப்பெண், வேலை தொடர்ந்து சரிகிறது, எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்பதை வீட்டில் மறைக்க வேண்டியிருக்கிறது என்றால் அது வெறும் பழக்கம் இல்லை, ஆலோசனை தேவைப்படும் நிலை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் 'ஷட்' கிளினிக் இயங்குகிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். 24 மணி நேரமும் இயங்கும், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். பிள்ளைக்காகப் பெற்றோரும் அழைத்து ஆலோசனை கேட்கலாம்.