பேரிடர்க் கழிவு அகற்றமும் அரசு நிதியும்: கணக்கில் வராத கைகள்

வெள்ளம் வடிந்த பின் நகரத் தெருக்களில் சேறும், ஊறிப்போன மெத்தைகளும், உடைந்த கண்ணாடியும், இடிந்த சுவர்களின் கற்களும், செத்த கால்நடைகளும், கழிவுநீர்த் தொட்டிகளிலிருந்து பொங்கிய மலமும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அவற்றை அகற்றுவோர் யார் என்பதை நாம் அறிவோம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்தில் உடல்களை எடுத்து அடக்கம் செய்யப் பிற நகராட்சிகளின் தூய்மைப் பணியாளர்கள் அழைத்துவரப்பட்டனர். 2015 டிசம்பரில் சென்னைக்கும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின்னும் அவ்வாறே வெளிமாவட்டப் பணியாளர்கள் அனுப்பப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அருந்ததியர் உள்ளிட்ட தலித் சமூகத்தவர்.

இப்பணிக்கு உள்ளாட்சி அமைப்புகள் செலவிடும் பணம் அரசிடமிருந்து எவ்வாறு திரும்பப் பெறப்படுகிறது, அக்கணக்கில் இப்பணியாளர்கள் எங்கே நிற்கிறார்கள் என்னும் இரு கேள்விகளை இக்கட்டுரையில் சேர்த்தே ஆராய்கிறோம்.

நிதியின் அமைப்பு

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005 தேசியப் பேரிடர் மீட்பு நிதியையும் (பிரிவு 46) மாநிலப் பேரிடர் மீட்பு நிதியையும் (பிரிவு 48) உருவாக்கியது. தமிழ்நாடு போன்ற பொதுப்பிரிவு மாநிலங்களின் நிதியில் 75 விழுக்காட்டை ஒன்றிய அரசும் 25 விழுக்காட்டை மாநில அரசும் அளிக்கின்றன. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களில் இது 90, 10 விழுக்காடு. பேரிடர் 'கடுமையானது' என மதிப்பிடப்பட்டால் தேசிய நிதியிலிருந்து கூடுதல் உதவி கோரலாம்.

இந்நிதிகளிலிருந்து எவற்றுக்குச் செலவிடலாம் என்பதை ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் நெறிமுறைகள் வரையறுக்கின்றன. பொது இடங்களில் இடிபாடுகளை அகற்றுதல், தேங்கிய வெள்ளநீரை வெளியேற்றுதல், இறந்த உடல்களையும் கால்நடைகளையும் அப்புறப்படுத்துதல் ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. இடிபாடு அகற்றத்துக்கு ஒரு காலவரம்பும் உண்டு: பணி தொடங்கிய நாளிலிருந்து 30 நாள்களுக்குள் ஆன உண்மைச் செலவே ஏற்கப்படும்.

கோரிக்கை செல்லும் வழி

முதலில் நகராட்சியோ மாநகராட்சியோ தன் நிதியிலிருந்து செலவிடுகிறது. செலவுக் கணக்கு மாவட்ட ஆட்சியர் வழியாக வருவாய் நிருவாக ஆணையரிடம் செல்கிறது. தலைமைச் செயலர் தலைமையிலான மாநிலச் செயற்குழு அதனை மதிப்பிட்டு மாநில நிதியிலிருந்து வழங்குகிறது. தேசிய நிதி தேவையெனில் மாநில அரசு விரிவான கோரிக்கை மனு அளிக்கும். அமைச்சகங்களுக்கிடையிலான மத்தியக் குழு நேரில் பார்வையிடும். அதன் அறிக்கை தேசியச் செயற்குழுவின் துணைக்குழுவுக்குச் சென்று, உயர்மட்டக் குழு இறுதி முடிவெடுக்கும்.

கேட்பதற்கும் கிடைப்பதற்கும் உள்ள இடைவெளி பெரிது. மிக்ஜாம் புயலுக்கும், அதே மாதத் தென்மாவட்ட வெள்ளத்துக்கும் சேர்த்துத் தமிழ்நாடு கோரியது ஏறத்தாழ 37,907 கோடி ரூபாய். 2024 ஏப்ரலில் தேசிய நிதியிலிருந்து விடுவிக்கப்பட்டது ஏறத்தாழ 276 கோடி ரூபாய். மாநிலத்தின் கோரிக்கையில் நிரந்தரச் சீரமைப்பும் அடங்கும். நெறிமுறைகளோ உடனடி நிவாரணத்தை மட்டுமே ஏற்கின்றன. ஒப்புதலான தொகையிலிருந்தும் மாநில நிதியின் தொடக்க இருப்பில் 50 விழுக்காடு கழித்துக்கொள்ளப்படுகிறது.

ஆவணமே பணம்

அவசரக் காலத்தில் ஒப்பந்தப்புள்ளி கோராமலே பொருள்களை வாங்கச் சட்டத்தின் பிரிவு 50 இடமளிக்கிறது. ஆனால் தணிக்கையிலிருந்து விலக்கு அளிக்கவில்லை. எனவே பணி தொடங்கிய நாளைக் குறிக்கும் ஆணை, வார்டு வாரியான நாளிட்ட ஒளிப்படங்கள், லாரி நடைச்சீட்டுகள், எடை மேடை இரசீதுகள், பொக்லைன், டிப்பர் வாடகைப் பதிவேடுகள், கொட்டிய இடத்தின் விவரம் ஆகியவை அன்றன்றே தொகுக்கப்பட வேண்டும். பேரிடர் கழிவை அன்றாடக் குப்பையோடு சேர்த்து எடைபோட்டால் எது எந்தச் செலவு என்று பின்னர் பிரிக்க இயலாது.

இங்கே 30 நாள் வரம்பு ஒரு சாதிக் கேள்வியாகவும் மாறுகிறது. முதன்மைச் சாலைகளும் வசதியான குடியிருப்புகளும் முதலில் சுத்தம் செய்யப்பட்டு, ஆற்றோரத்திலும் தாழ்நிலத்திலும் உள்ள தலித் குடியிருப்புகள் கடைசிக்குத் தள்ளப்பட்டால், அங்கு ஆகும் செலவு வரம்பைத் தாண்டக்கூடும். அப்போது அப்பகுதிகளைத் தூய்மைப்படுத்துவது நகராட்சிக்குத் திரும்பிவராத செலவாகிவிடுகிறது. புறக்கணிப்புக்கு அதுவே நிதிக் காரணமும் ஆகிறது. பட்டா இல்லாத புறம்போக்குக் குடியிருப்புகளின் தெருக்களும் பொது இடங்களே எனக் கோரிக்கையில் தெளிவாகச் சேர்க்கப்பட வேண்டும்.

தொழிலாளர் எங்கே?

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 'வளங்கள்' என்ற சொல்லுக்குள் மனித உழைப்பையும் சேர்த்திருக்கிறது. பிரிவு 65இன்கீழ் வளங்களை அரசு கேட்டுப் பெறலாம். ஆனால் இழப்பீட்டைக் கூறும் பிரிவு 66 கட்டடங்களையும் வாகனங்களையும் பற்றியே பேசுகிறது. லாரி உரிமையாளருக்கு ஈடு உண்டு. அந்த லாரியில் ஏற்றி அனுப்பப்படும் தொழிலாளருக்கு அப்பிரிவில் இடமில்லை. சாதி அடிப்படையிலான பாகுபாட்டைத் தடைசெய்யும் பிரிவு 61கூட, பாதிக்கப்பட்டோருக்கு நிவாரணமும் இழப்பீடும் வழங்குவதைப் பற்றியதே. ஆபத்தான பணி யார்மீது சுமத்தப்படுகிறது என்பதை அது தொடவில்லை.

ஆயினும் பிற சட்டங்கள் பேரிடர் நாளிலும் உயிருடன் இருக்கின்றன. பாதுகாப்புக் கருவிகளின்றிச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளுவோர் பணியமர்த்தல் தடைச் சட்டம் குற்றமாக்குகிறது. வெள்ள காலத்துக்கென அதில் விலக்கு ஏதும் இல்லை. இத்தகைய மரணங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2014இல் 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு விதித்து, 2023 அக்டோபரில் அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. பேரிடர் நிதி நெறிமுறைகளும் மீட்புப் பணியில் ஈடுபட்டு இறந்தோரின் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் வழங்க இடமளிக்கின்றன. ஒப்பந்ததாரர் கூலி தராவிடில் முதன்மை வேலையளிப்பவரே அதைத் தர வேண்டும் என்கிறது தொழிலாளர் சட்டம்.

இவற்றில் எதனைக் கோருவதற்கும் அந்த மனிதர் அந்நாளில் அவ்விடத்தில் பணிபுரிந்தார் என்ற சான்று தேவை. எலிக்காய்ச்சல் சில நாள்கள் கழித்தே வெளிப்படும். அதற்குள் தொழிலாளர் தம் ஊர் திரும்பியிருப்பார். வருகைப் பட்டியலில் பெயர் இல்லையெனில், அவரது நோய்க்கும் இறப்புக்கும் எவரும் பொறுப்பேற்கமாட்டார்.

நாம் வலியுறுத்த வேண்டியவை

1. நிதிக் கோரிக்கையோடு ஒவ்வொரு தொழிலாளரின் பெயர், அனுப்பிய உள்ளாட்சி, பணி இடம், நாள், நேரம் கொண்ட வருகைப் பட்டியல் இணைக்கப்பட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளரும் அதில் இடம்பெற வேண்டும்.

2. கையுறை, முழங்கால் காலணி, முகக்கவசம், மழைச்சட்டை, தடுப்பூசி, தடுப்பு மருந்து, தங்குமிடம், உணவு ஆகியவற்றின் செலவுகள் பணிச்செலவின் பகுதியாகத் தனித்தலைப்பில் கோரப்பட வேண்டும். அரசு அவற்றை ஏற்க மறுத்தாலும் வழங்கும் கடமை உள்ளாட்சிக்கு உண்டு.

3. வெளியூர்ப் பணிக்கான கூடுதல் ஊதியம் அவர்கள் ஊர் திரும்புமுன் வங்கிக் கணக்கில் சேர வேண்டும்.

4. எந்த வார்டு எந்நாளில் சுத்தம் செய்யப்பட்டது என்ற பட்டியல் பொதுவில் வைக்கப்பட வேண்டும்.

5. கழிவு எங்கே கொட்டப்படுகிறது என்பதும் பதிவாக வேண்டும். சென்னையின் குப்பைச் சுமையைக் கொடுங்கையூரும் பெருங்குடியும் பல்லாண்டுகளாகத் தாங்கி வருகின்றன.

இப்பட்டியல்கள் கிடைக்காதபோது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நாம் கேட்கலாம். எடைச்சீட்டு, நடைச்சீட்டு, வருகைப் பட்டியல், கொள்முதல் இரசீது ஆகிய நான்கையும் ஒப்பிட்டாலே எத்தனை பேர், எத்தனை நாள், எத்தனை கையுறைகளோடு உழைத்தனர் என்பது தெரிந்துவிடும். நகராட்சி தன் பணத்தைத் திரும்பப் பெற உருவாக்கும் அதே கோப்பு தொழிலாளரின் உரிமைக்கும் சான்றாகும். அடுத்த பருவமழைக்கு முன்பே அதன் படிவத்தில் தொழிலாளரின் பெயருக்கு ஓர் இடம் கேட்டுப் பெறுவோம்.