கலையில் ஐக்கிய அமெரிக்கக் கொடி

ஐக்கிய அமெரிக்காவின் தேசியக் கொடி, அந்நாட்டு ஓவியர்களும் சிற்பிகளும் ஒளிப்படக் கலைஞர்களும் தொடர்ந்து கையாண்டுவரும் கருப்பொருள்களுள் ஒன்றாகும். 19 ஆம் நூற்றாண்டில் வரலாற்றுக் காட்சிகளின் ஒரு பகுதியாக இடம்பெற்ற கொடி, 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தானே படைப்பின் பொருளாகியது. பின்னர், கொடியைப் பயன்படுத்தும் கலை கருத்து வெளிப்பாடா அல்லது அவமதிப்பா என்ற கேள்வி நீதிமன்றம் வரை சென்றது.

வரலாற்று ஓவியங்கள்

13 பட்டைகளும் 13 விண்மீன்களும் கொண்ட கொடி ஜூன் 14, 1777 இல் ஏற்கப்பட்டது. ஆனால், இமானுவேல் லோய்ட்ஸ 1851 இல் வரைந்த "டெலவேர் ஆற்றைக் கடக்கும் வாஷிங்டன்" என்னும் ஓவியத்தில், 1776 டிசம்பரில் நடந்த நிகழ்விலேயே இக்கொடி காணப்படுகிறது. இது காலப் பிழை ஆகும்.

1861 ஏப்ரலில் சம்டர் கோட்டை தாக்கப்பட்டு உள்நாட்டுப் போர் தொடங்கியது. அவ்வாண்டில் பிரடெரிக் எட்வின் சேர்ச் வரைந்த "வானில் நமது கொடி" என்னும் ஓவியத்தில் கொடித்துணியே இல்லை. சிவந்த முகில்கள் பட்டைகளாகவும், நீல வானத்து விண்மீன்கள் கொடியின் விண்மீன்களாகவும், இலையற்ற மரம் கொடிக்கம்பமாகவும் தோன்றுகின்றன.

உலகப் போர்க் காலம்

முதலாம் உலகப் போரையொட்டி, சைல்ட் ஹாசம் 1916 முதல் 1919 வரை நியூயார்க் தெருக்களில் கட்டப்பட்ட கொடிகளை ஓவியத் தொடராக வரைந்தார். பெப்ரவரி 23, 1945 இல், ஆறு கடற்படைப் பிரிவு வீரர்கள் இவோ ஜிமா தீவில் கொடியை நாட்டுவதை ஜோ ரோசெந்தால் ஒளிப்படமாக எடுத்தார். இதன் அடிப்படையில் பீலிக்ஸ் டி வெல்டன் உருவாக்கிய வெண்கலச் சிற்பம், 1954 இல் வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் திறந்துவைக்கப்பட்டது.

கொடியே ஓவியமாதல்

ஜாஸ்பர் ஜோன்ஸ் 1954–55 இல் உருவாக்கிய "கொடி" என்னும் படைப்பு ஒரு திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. செய்தித்தாள் துண்டுகளை ஒட்டி, மெழுகில் கலந்த வண்ணங்களால் தீட்டப்பட்ட இதில், அக்காலக் கொடியின் 48 விண்மீன்கள் உள்ளன. காற்றோ கம்பமோ பின்னணியோ இன்றி, சட்டம் முழுவதையும் கொடியே நிறைக்கிறது. எனவே, இது கொடியா, கொடியின் ஓவியமா என்ற ஐயம் பார்ப்பவருக்கு எழுகிறது.

எதிர்ப்பும் சட்டமும்

ஃபெய்த் ரிங்கோல்ட் 1967 இல் வரைந்த "கொடியில் குருதி வடிகிறது" என்னும் ஓவியத்தில், கறுப்பின ஆண் ஒருவரும் வெள்ளையினப் பெண்ணும் ஆணும் கைகோத்து நிற்கின்றனர். கொடியின் சிவப்புப் பட்டைகளிலிருந்து குருதி வடிகிறது. கொடி அவமதிப்புச் சட்டங்களை எதிர்த்து 1970 இல் நியூயார்க்கின் ஜட்சன் நினைவுத் தேவாலயத்தில் நடந்த கண்காட்சியை ஒட்டி, அவருடன் மேலும் இரு கலைஞர்கள் கைதாயினர். டேவிட் ஹாமன்ஸ் 1990 இல், கொடியின் வடிவத்தை மாற்றாமல், கறுப்பின விடுதலை இயக்கத்தின் சிவப்பு, கறுப்பு, பச்சை நிறங்களில் "ஆபிரிக்க அமெரிக்கக் கொடி" யை உருவாக்கினார்.

1989 இல் சிகாகோவில் டிரெட் ஸ்காட் தரையில் ஒரு கொடியை விரித்து, அதற்கு மேலே சுவரையொட்டிக் கருத்தெழுதும் ஏட்டை வைத்தார். ஏட்டில் எழுத விரும்புபவர் கொடியை மிதிக்க நேரலாம். இதற்குக் கடும் கண்டனம் எழுந்தது. அவ்வாண்டிலேயே காங்கிரஸ் கொடிப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அதை எதிர்த்துக் கொடியை எரித்து வழக்கைச் சந்தித்தவர்களுள் ஸ்காட்டும் ஒருவர். 1990 இல் உச்ச நீதிமன்றம், 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில், அச்சட்டம் அரசியலமைப்பின் கருத்துரிமைக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது.