கார் குளிரூட்டியின் வாயுக் கசிவு: பிரான்சில் கண்டறிதலும் பழுதுபார்த்தலும்

கார் குளிரூட்டி (ஏசி, பிரெஞ்சுப் பேச்சு வழக்கில் 'கிளிம்') முற்றாக மூடிய சுற்றில் இயங்குவது. கம்பிரசர் வாயுவை அழுத்திச் சூடாக்கும். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சரில் அது வெப்பத்தை இழந்து திரவமாகும். டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஆவியாக்கியில் மீண்டும் வாயுவாகி, காருக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். பெற்றோல்போல் இந்த வாயு எரிந்து தீர்வதில்லை. அளவு குறைந்தால் அது எங்கோ வெளியேறியிருக்கிறது என்பதே பொருள். "ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா காஸ் அடிக்கத்தான் வேணும்" என்ற பரவலான நம்பிக்கை பாதிதான் சரி. ரப்பர் குழாய்களினூடும் இணைப்புகளினூடும் சிறிதளவு கசிவது இயல்பு. புவி வெப்பமாக்கும் திறன் 150க்கு மேற்பட்ட வாயு கொண்ட தொகுதிகளுக்கு, ஓர் ஆவியாக்கி உள்ள காரில் ஆண்டுக்கு 40 கிராம், இரண்டு உள்ளதில் 60 கிராம் என ஐரோப்பிய ஒன்றியம் எல்லை வகுத்துள்ளது. சிறிய காரில் சுமார் 500 கிராம் வாயு இருக்கும். அடித்துச் சில வாரங்களில் குளிர் நின்றுவிட்டால் அது இயல்பான கசிவு அல்ல.

பாரிசின் லாச்சப்பல் கடைத்தெருவுக்கு வந்துபோகும் ஈழத்தமிழரில் பலர் சார்செல், கார்ஜ், வில்லியே லே பெல் போன்ற வடபுறநகர்களில் வசிப்பவர்கள். வில்லியே லே பெல் பாரிசிலிருந்து ஏறத்தாழ 17 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. பாரிசின் வடக்கு நிலையத்திலிருந்து ஆர்.இ.ஆர். டி தொடருந்தில் போகலாம். என்றாலும் வேலை நேரமும் குடும்பமும் பலரைக் காரில் ஏற்றிவிடுகின்றன. இங்கே குளிரூட்டி தேவைப்படும் காலம் குறுகியது. தேவைப்படும்போது கடுமையாகத் தேவைப்படும். 2019 யூலை 25 அன்று பாரிசில் 42.6 பாகை செல்சியஸ் பதிவானது. ஆனால் கசிவுக்கு வழி திறப்பது பெரும்பாலும் குளிர்காலம். வீதியில் தூவும் உப்பு கண்டன்சரின் அலுமினியத்தை அரிக்கும். நெடுஞ்சாலையில் தெறிக்கும் கற்கள் அதையே முதலில் தாக்கும். மாதக்கணக்கில் ஓடாத கம்பிரசரில் எண்ணெய் சுற்றாததால் தண்டு முத்திரை காய்ந்துவிடும். கண்ணாடிப் புகார் அகற்ற என்றாவது குளிர்காலத்திலும் ஏசியைச் சில நிமிடங்கள் போட்டால் இந்தக் கடைசிக் கேடு தவிரும்.

கசிவைத் தேடும்போது முதலில் கண்ணை நம்ப வேண்டும். வாயுவோடு எண்ணெயும் வெளியேறுவதால் ஓட்டை உள்ள இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டியிருக்கும். குழாய் இணைப்புகள், அவற்றிலுள்ள ரப்பர் வளையங்கள், வாயு ஏற்றும் வால்வுகள், கண்டன்சரின் கீழ்ப்பகுதி ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். எண்ணெயோடு நிறப்பொருளைச் செலுத்திச் சில நாட்கள் ஓடவிட்டு, புறஊதா விளக்கால் பார்த்தால் கசிவிடம் மஞ்சட்பச்சையாக ஒளிரும். ஆவியாக்கி மட்டும் கண்ணுக்கு அகப்படாது. அதற்கு, நீர் வடியும் குழாயின் வாயில் மின்னணு உணர்கருவியைப் பிடிக்க வேண்டும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் கீழே இறங்கி அங்கேதான் வெளிப்படும். ஆவியாக்கி ஓட்டையானால் டாஷ்போர்டையே கழற்ற நேரலாம். பொருளைவிட வேலைக்கூலி அதிகமாவது இங்கேதான்.

பல கராஜ்கள் சுற்றை வெற்றிடமாக்கிப் பார்க்கும் சோதனையோடு நிறுத்திக்கொள்கின்றன. அது போதாது. வெற்றிடத்தில் உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு ஏறக்குறைய 1 பார் மட்டுமே. ஓடும்போது உயரழுத்தப் பக்கத்தில் 15 பார் வரை ஏறுவது சாதாரணம். வெற்றிடத்தில் மூடியிருக்கும் நுண்துளை ஓட்டத்தில் திறக்கும். உலர் நைதரசனையோ, 95 வீத நைதரசனும் 5 வீத ஐதரசனும் கலந்த வாயுவையோ அழுத்தத்தில் ஏற்றி, சவர்க்கார நுரையாலோ ஐதரசன் உணர்கருவியாலோ தேடுவதே நம்பகமான வழி. சாதாரண அழுத்தக் காற்றை ஏற்றக் கூடாது. அதிலுள்ள ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

பழுதான பாகத்தை மாற்றும்போது ரப்பர் வளையங்களும் புதியவையாக வேண்டும். சுற்று நீண்ட நாள் திறந்திருந்தால் ஈரத்தை உறிஞ்சும் உலர்த்தியையும் மாற்ற வேண்டும். இழந்த எண்ணெயை ஈடுசெய்து, அரை மணிநேரமாவது வெற்றிடத்தில் வைத்து, பொனெற்றின் கீழ் ஒட்டியுள்ள தாளில் குறித்த கிராமை நிறுத்தே ஏற்ற வேண்டும். அழுத்தமானியைப் பார்த்து உத்தேசமாக அடிப்பது தொழில் அல்ல. ஓட்டையை அடைக்குமென விற்கப்படும் பசைத் திரவங்கள் வாயு மீட்கும் இயந்திரத்தையே அடைத்துவிடக்கூடியவை.

எந்த வாயு என்பது காரின் வயதைப் பொறுத்தது. ஓசோனைச் சிதைத்த ஆர்-12ஐ 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை ஒழிப்புக்கு உட்படுத்தியது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ காபனீரொட்சைட்டைவிட 1,430 மடங்கு வெப்பமாக்கும். 2006ஆம் ஆண்டின் ஐரோப்பிய நெறிமுறை அதைப் புதிய கார் வகைகளில் 2011 முதலும், எல்லாப் புதிய கார்களிலும் 2017 முதலும் விலக்கியது. இன்று பெரும்பாலும் உள்ளது ஆர்-1234ஒய்எஃப், இலேசாகத் தீப்பற்றக்கூடியது. 2012இல் தன் மோதல் சோதனையில் அது தீப்பற்றியதாகக் கூறி, மெர்சிடிஸ் கார்களைத் தயாரித்த டைம்லர் நிறுவனம் பழைய வாயுவையே தொடர்ந்தது. அதனால் 2013இல் பிரான்சு சில மெர்சிடிஸ் கார்களைப் பதிவுசெய்ய மறுத்தது. ஓகஸ்ட் 27 அன்று பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம் அந்த மறுப்பை இடைநிறுத்தியது. இரு வாயுக்களுக்கும் ஏற்றும் முனைகள் வேறு, கலக்கக் கூடாது.

2006ஆம் ஆண்டின் அதே ஐரோப்பிய நெறிமுறையின் இன்னொரு விதி வாடிக்கையாளர் பலருக்குத் தெரிவதில்லை: வழக்கத்துக்கு மாறான அளவு வாயு வெளியேறியிருந்தால், பழுதைச் சரிசெய்யாமல் மீண்டும் நிரப்பக் கூடாது. பிரான்சில் இந்த வாயுவைக் கையாளும் கராஜிடம் தகுதிச் சான்றும், வேலை செய்பவரிடம் வாகனங்களுக்குரிய ஐந்தாம் வகைச் சான்றும் இருக்க வேண்டும். வாயுவை வெளியே திறந்துவிடுவது குற்றம். கார்த் தரிப்பிடத்தில் மலிவாக 'காஸ் அடித்து' விடுபவரிடம் போவது அடுத்த கோடைக்கும் அதே செலவை வைப்பதுதான். சான்றுள்ள கராஜிலும், மீட்ட வாயு எத்தனை கிராம், ஏற்றியது எத்தனை கிராம் என்று பற்றுச்சீட்டில் எழுதித் தரும்படி கேளுங்கள்.