ஜூலியட்டின் செவிலி: ஒரு பாத்திரம் உருவான வரலாறு

‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தில் காதலர் இருவரையும் பாதிரியார் லாரன்ஸையும் விட்டால் மிகுதியாகப் பேசுபவள் ஜூலியட்டின் செவிலி. ஆனால் அவளுக்கு உறுதியான பெயர்கூடக் கிடையாது. நான்காம் அங்கத்தில் கல்யாணச் சமையலை மேற்பார்வையிடும் ஜூலியட்டின் தந்தை கபுலெட், ‘ஆஞ்ஜெலிகா’ என்று ஒருத்தியை விளிக்கிறார். அது செவிலியா, அவர் மனைவியா என்பதில் பதிப்பாசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. இந்தப் பெயரில்லாதவள் ஷேக்ஸ்பியரின் கைக்கு வருவதற்குள் ஏறத்தாழ 120 ஆண்டுகள் இக்கதை இத்தாலி, பிரான்சு, இங்கிலாந்து என்று கைமாறி வந்திருக்கிறது. வீட்டாருக்கும் வேலையாட்களுக்குமான உறவு இக்கதையில் எப்படி மாறியது என்பதற்கு அவளே நல்ல சான்று.

1476இல் அச்சான மசூச்சோ சலெர்னித்தானோவின் கதை சியெனா நகரில் நடக்கிறது. குடும்பப் பகை அதில் இல்லை, செவிலியும் இல்லை. காசு வாங்கிக்கொண்டு ஒரு துறவி இரகசியத் திருமணம் செய்துவைக்கிறார். 1530ஐ ஒட்டி லூயிஜி தா போர்த்தோ கதையை வெரோனாவுக்குக் கொண்டுவந்து, இரு குடும்பங்களின் பகையையும் சேர்த்தார். அவரிடம் வரும் பியெத்ரோ பெண் வீட்டு வேலையாள். காதல் இரகசியம் தெரிந்தவன். மாந்துவாவில் இருக்கும் ரோமியோவுக்குத் துயரச் செய்தியைக் கொண்டுபோகிறவன். 1554இல் மத்தேயோ பந்தெல்லோ அவனை ரோமியோவின் ஆளாக மாற்றிவிட்டு, பெண்ணின் தரப்பில் ஒரு கிழவியைத் தூது போக வைத்தார். செவிலி பிறந்த இடம் இதுதான். ஆனால் தலைவியின் ஆசைக்குத் துணைபோகும் செவிலி யூரிப்பிடீஸ், செனேகா நாடகங்களிலேயே உண்டு. பந்தெல்லோ அந்தப் பழைய சரக்கைத்தான் எடுத்துக்கொண்டார் என்று சொல்லத் தோன்றுகிறது.

1559இல் ப்வாஸ்துவோவின் பிரெஞ்சு ஆக்கத்தைக் கடந்து, 1562இல் ஆர்தர் புரூக்கின் நெடிய ஆங்கிலப் பாட்டாகக் கதை இங்கிலாந்தை அடைகிறது. ஷேக்ஸ்பியருக்கு முதன்மையான மூலம் இதுவே. பெற்றோர் சொல் கேளாமல் வம்புக்காரக் கிழவிகளிடமும் துறவிகளிடமும் யோசனை கேட்பதன் கேடு இது என்று புரூக் முன்னுரையிலேயே முடிவுகட்டிவிடுகிறார். கதைமுடிவில் தண்டனைப் பட்டியலும் உண்டு. விஷம் விற்ற மருந்துக்காரன் தூக்கில் தொங்குகிறான். திருமணத்தைப் பெற்றோரிடம் மறைத்த செவிலி முதுமையில் நாடுகடத்தப்படுகிறாள். ரோமியஸின் (புரூக்கிடம் ரோமியோவின் பெயர் இதுதான்) ஆள் பீட்டரோ, எசமானின் கட்டளைப்படி நடந்தவன் என்பதால் தப்பிக்கிறான். செவிலியும் தான் வளர்த்த பெண் சொன்னதைத்தான் செய்தாள். ஆனால் அந்த வீட்டின் எசமான் தகப்பன், மகள் அல்ல. அதனால் பீட்டரைக் காத்த கீழ்ப்படிதல் அவளைக் காக்கவில்லை.

ஷேக்ஸ்பியர் இதில் கைவைத்த இடங்களைக் கவனிக்க வேண்டும். ஜூலியட் தா போர்த்தோவிடம் பதினெட்டை நெருங்கியவள், புரூக்கிடம் பதினாறை எட்டாதவள். நாடகத்து ஜூலியட்டுக்குப் பதினான்குகூட நிறையவில்லை. அந்த வயதைக் கணக்கிட்டுச் சொல்பவள் செவிலி. முதல் அங்கம் மூன்றாம் காட்சியில் கபுலெட்டின் மனைவி மகளிடம் தனியாகப் பேச வேண்டும் என்று செவிலியை வெளியே போகச் சொல்கிறாள். அடுத்த மூச்சிலேயே திரும்பக் கூப்பிடுகிறாள். பெற்ற மகளோடு தனித்திருக்கத் தாய்க்குத் தயக்கம். செவிலி தொடங்குகிறாள்: நிலநடுக்கம் வந்து பதினோரு வருஷம், அன்றுதான் பால் மறக்கடித்தது, மார்பில் எட்டிக்கசப்பான மூலிகையைத் தடவிக்கொண்டு புறாக்கூண்டின் சுவரோரம் வெயிலில் உட்கார்ந்திருந்தது, ஐயாவும் அம்மாவும் அப்போது மாந்துவாவில் இருந்தது. குழந்தை பால் மறந்த நாளில் பெற்றோர் ஊரிலேயே இல்லை என்பது போகிறபோக்கில் தெரிந்துவிடுகிறது.

அதே பேச்சில் இன்னொரு பெயரும் வருகிறது. ஜூலியட்டின் வயதுள்ள சூசன், செவிலியின் சொந்த மகள்; இறந்துவிட்டாள். சூசன் ஷேக்ஸ்பியரின் சொந்தச் சேர்க்கை. அவளுக்குச் சுரந்த பாலைத்தான் ஜூலியட் குடித்தாள் என்று நாடகம் விரித்துச் சொல்வதில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. வசதியான வீடுகளில் பிள்ளைக்குப் பாலூட்டக் கூலிக்குப் பெண் அமர்த்துவது அன்றைய இங்கிலாந்தில் வழக்கம். பதினெட்டுப் பிள்ளை பெற்ற லிங்கன் சீமாட்டி எலிசபெத் கிளின்டன், தான் பாலூட்டாமல் போனதற்கு வருந்தி 1622இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். பணக்காரியின் பிள்ளைக்காக ஏழை தன் பிள்ளையை ஒதுக்கும்படி ஆவதையும் அதில் கண்டித்தார். நாடகம் அந்த ஏழையின் வாயாலேயே இதைக் கோடிகாட்டியது அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பு.

இந்த நெருக்கத்தைக் கட்டிவைத்த பிறகுதான் மூன்றாம் அங்கத்து முறிவு வருகிறது. பெற்றோர் பார்த்த மாப்பிள்ளை பாரிஸை மணக்க மாட்டேன் என்ற மகளைக் கபுலெட் தெருவில் விடுவதாக மிரட்டுகிறார். தாய் இனிப் பேச ஒன்றுமில்லை என்று போய்விடுகிறாள். தவறு உங்களுடையது என்று எசமான் முகத்துக்கு நேரே சொல்பவள் செவிலி ஒருத்திதான். அதற்காக வசவும் வாங்குகிறாள். அவர்கள் போனதும் அவளே பாரிஸைக் கட்டிக்கொள் என்கிறாள். புரூக்கிலும் இந்த யோசனை உண்டு. ஆனால் அங்கே ஜூலியட் பாதிரியாரிடம் மயக்க மருந்து வாங்கிவந்து, சம்மதம்போல் நடித்துக்கொண்டிருக்கும்போது வருவதால் எதுவும் முறிவதில்லை. ஷேக்ஸ்பியர் அதை முன்னால் நகர்த்தினார். ஜூலியட்டைப் பாதிரியாரிடம் துரத்துவதே செவிலியின் பேச்சு என்றாயிற்று.

செவிலிக்கு ஆழமில்லை, நேற்று ரோமியோ இன்று பாரிஸ் என்று விமர்சகர்கள் குறைகூறுவது வழக்கம். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. அவள் சாப்பாடும் படுக்கையும் கபுலெட்டின் தயவில் இருக்கின்றன. தெருவில் விடுவேன் என்ற மிரட்டலை மகளைவிட நன்றாகப் புரிந்துகொண்டவள் அவள்தான்.

கடைசிக் காட்சியில் கல்லறை வாசலில் விசாரணை நடக்கும்போது செவிலி அங்கே இல்லை. ரோமியோவின் ஆள் பல்தாசரும் பாரிஸின் பணியாளும் சாட்சி சொல்கிறார்கள். இந்தத் திருமணம் செவிலிக்கும் தெரியும் என்று பாதிரியார் ஒரு வார்த்தை சொல்கிறார். சிலருக்கு மன்னிப்பு, சிலருக்குத் தண்டனை என்கிற வெரோனா இளவரசர் பெயர் எதையும் சொல்வதில்லை. புரூக் எழுதிய நாடுகடத்தலை ஷேக்ஸ்பியர் எடுத்துவிட்டார். செவிலிக்கு நாடகத்தில் கிடைக்கும் ஒரே தீர்ப்பு, இனி உனக்கும் என் மனத்துக்கும் உறவில்லை என்று மூன்றாம் அங்கத்தில் ஜூலியட் அவள் முதுகுக்குப் பின்னால் சொல்வது. அது செவிலியின் காதில் விழவே இல்லை.