ஆந்தனி டிரோலப்பின் எழுத்துக் கணக்கு

ஆந்தனி டிரோலப் (ஏப்ரல் 24, 1815 - டிசம்பர் 6, 1882) ஆங்கில நாவலாசிரியர், பிரிட்டிஷ் அஞ்சல்துறை அதிகாரி. 47 நாவல்கள் எழுதினார். நாவல் எழுதும் காலத்தில் வாரந்தோறும் எத்தனை பக்கங்கள் எழுதினார் என்பதற்கும், ஒவ்வொரு நூலும் எவ்வளவு ஈட்டியது என்பதற்கும் கணக்கு வைத்திருந்தார். பக்கக் கணக்கு வைத்த முறையையும் வருமானப் பட்டியலையும் தன்வரலாற்றில் வெளியிட்டார். எழுதிப் பிழைத்த ஒருவர் தன் உழைப்பையும் ஊதியத்தையும் இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னது விக்டோரியா காலத்தில் அரிது. அவரது புகழ் குறைய இதுவே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது.

குடும்பப் பின்னணி

டிரோலப்பின் தந்தை தாமஸ் ஆந்தனி டிரோலப் வழக்கறிஞர். முன்கோபத்தால் கட்சிக்காரர்களை இழந்தார். லண்டனுக்கு அருகே ஹாரோவில் குத்தகை நிலத்தில் செய்த விவசாயமும் நட்டத்தில் முடிந்தது. 1834-ல் கடனுக்காகக் கைதாகும் நிலை வந்தபோது அவர் பெல்ஜியத்திற்குத் தப்பிச் சென்றார். அவரைக் குதிரைவண்டியில் கொண்டுபோய்க் கப்பலேற்றிவிட்டு வந்தவர் மகன் ஆந்தனி. திரும்பி வந்தபோது வீடு ஜப்தியில் இருந்தது. அம்மா ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த சிறு பொருட்களைப் பிள்ளைகள் வேலி இடைவெளி வழியாகப் பக்கத்து வீட்டுக்குக் கடத்திக் காப்பாற்றினார்கள்.

குடும்பத்தைத் தாங்கியது தாய் பிரான்சிஸ் டிரோலப்பின் எழுத்து. அமெரிக்கர்களின் பழக்கவழக்கங்களைப் பற்றிய அவரது முதல் நூல் 1832-ல் வெளிவந்தபோது அவர் ஐம்பது வயதைக் கடந்திருந்தார். பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் நோயுற்ற கணவருக்கும், காசநோயால் இறந்துகொண்டிருந்த மகன் ஹென்றிக்கும் பணிவிடை செய்தபடியே நாவல்கள் எழுதினார். மருந்துப் புட்டிகளும் மைப்புட்டியும் வீட்டில் ஒன்றாக இருந்தன. 1834 டிசம்பரில் மகனும், 1835-ல் கணவரும் இறந்தனர். அந்த மாதங்களிலும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. எழுத்து ஒரு வீட்டின் அடுப்பை எரியவைக்க முடியும் என்பதை டிரோலப் தன் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தார்.

வருமானமற்ற ஆண்டுகள்

டிரோலப் 1834-ல் லண்டன் அஞ்சல் தலைமையகத்தில் ஆண்டுக்கு 90 பவுண்டு சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1841-ல் அயர்லாந்துக்கு மாற்றலாகிச் சென்றார். அங்கே எழுதிய முதல் நாவல் 1847-ல் வெளிவந்தது. லாபத்தில் பாதி என்பது ஒப்பந்தம். ஆனால் பதிப்பாளரிடமிருந்து கணக்கும் வரவில்லை, பணமும் வரவில்லை. 1848-ல் வந்த இரண்டாம் நாவல் 375 படிகள் அச்சிடப்பட்டு 140 படிகளே விற்றது. தனக்கு 63 பவுண்டு 10 ஷில்லிங் ஒன்றரைப் பென்னி நட்டம் என்று பதிப்பாளர் கடிதம் எழுதினார். மூன்றாம் நாவலுக்கு 20 பவுண்டு கிடைத்தது.

இன்று கொண்டாடப்படும் ‘தி வார்டன்’ 1855-ல் வெளிவந்தது. அவ்வாண்டின் இறுதியில் அந்நூல் அவருக்குத் தந்தது 9 பவுண்டு 8 ஷில்லிங் 8 பென்ஸ். லாபப் பங்கு என்ற ஏற்பாட்டை நம்புவதைவிட உரிமையை மொத்தத் தொகைக்கு விற்பதே எழுத்தாளனுக்கு நல்லது என்ற முடிவுக்கு அவர் வந்தது இந்த அனுபவத்தால்தான்.

பக்கக் கணக்கு

அஞ்சல்துறைப் பணியில் டிரோலப் ஓயாமல் பயணம் செய்யவேண்டியிருந்தது. ரயில் பெட்டியில் மடிமேல் வைத்து எழுதச் சிறு பலகை ஒன்றைச் செய்துகொண்டார். ‘பார்செஸ்டர் டவர்ஸ்’ (1857) நாவலின் பெரும்பகுதி ஓடும் ரயிலில் பென்சிலால் எழுதப்பட்டது. மனைவி ரோஸ் அதைப் படியெடுத்தார்.

புதிய நாவலைத் தொடங்கும்போது அதை முடிக்க வேண்டிய காலத்தை முதலில் வகுப்பார். அக்காலத்தை வாரங்களாகப் பிரித்து ஒரு நாட்குறிப்பு தயாரிப்பார். அன்றன்று எழுதிய பக்கங்களை அதில் குறிப்பார். பக்கம் என்பது கையெழுத்துக்கேற்ப நீளும், குறுகும் என்பதால் 250 சொற்கள் ஒரு பக்கம் என்று வரையறுத்து, சொற்களை எண்ணினார். வாரத்துக்குச் சராசரியாக 40 பக்கங்கள். மிகக் குறைந்தது 20, மிக அதிகம் 112. எழுதாத நாட்களும் அதில் பதிவாயின. வெறுமையாகக் கிடக்கும் வாரம் தன் கண்ணை உறுத்தும் என்பதே அந்த ஏற்பாட்டின் பயன் என அவர் கருதினார். இந்த நாட்குறிப்புகள் ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்தில் உள்ளன.

1859-ல் இங்கிலாந்து திரும்பி வால்தம் கிராஸில் குடியேறியபின் காலை 5:30 மணிக்கு மேசைக்கு வந்துவிடுவார். அவரை எழுப்பிக் காபி கொடுக்கும் வேலைக்காரருக்கு அதற்கென ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். முதல் அரைமணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். பிறகு கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால்மணிக்கு 250 சொற்கள் வீதம் எழுதுவார். காலை உணவுக்கு முன் அன்றைய எழுத்து முடிந்துவிடும். அதன்பின் அலுவலகம்.

வருமானக் கணக்கு

டிரோலப்பின் பட்டியலில் 1858-ல் வெளிவந்த ‘டாக்டர் தார்ன்’ 400 பவுண்டு ஈட்டியது. 1860 ஜனவரியில் தொடங்கிய ‘கார்ன்ஹில்’ மாத இதழில் தொடராக வந்த ‘ஃப்ராம்லி பார்சனேஜ்’ 1,000 பவுண்டு பெற்றுத் தந்தது. ‘ஓர்லி ஃபார்ம்’ (1862) 3,135 பவுண்டு ஈட்டியது. 1870-களின் நடுவில் வந்த நாவல்களில் தொகை குறையத் தொடங்கியது. ஏற்றத்தைப் போலவே இறக்கத்தையும் அவர் மறைக்கவில்லை. மொத்தம் 68,939 பவுண்டு 17 ஷில்லிங் 5 பென்ஸ்.

இந்தக் கணக்கு அவரது வாழ்வின் ஒரு பெரிய முடிவுக்கு அடிப்படையாக இருந்தது. அறுபது வயதுக்கு முன் விலகினால் ஓய்வூதியம் கிடையாது. எழுத்து வருமானத்திலிருந்து சேமித்தது அந்த ஓய்வூதியத்துக்கு ஈடான ஆண்டு வரவைத் தரும் என்று உறுதியான பின், 1867-ல் தன் 52-ஆம் வயதில் வேலையை விட்டார். கடனால் வீட்டை இழந்த தந்தையின் மகன், வரவைக் கணக்கிடாமல் அடுத்த அடி வைக்கவில்லை.

எதிர்வினை

தன்வரலாற்றை 1875-76-ல் எழுதி, தன் இறப்புக்குப் பின் வெளியிடும்படி மகன் ஹென்றியிடம் ஒப்படைத்தார். அது 1883-ல் வெளிவந்தது. செருப்புத் தைப்பவர் ஒரு ஜோடியை முடித்ததும் அடுத்ததைத் தொடங்குவதுபோல நாவலாசிரியனும் எழுதவேண்டும் என்ற அவரது வாதம் பலருக்குப் பிடிக்கவில்லை. அகத்தூண்டுதலால் எழுதுபவனே கலைஞன் என்று நம்பிய தலைமுறைக்குக் கடிகாரமும் கூலிப்பட்டியலும் உவப்பாக இல்லை.

மதிப்பீடு

டிரோலப்பின் எண்கள் எழுத்தின் அளவைக் காட்டுபவை, தரத்தை அல்ல. இதை அவரும் அறிந்திருந்தார். மேசைக்கு வருமுன் கதைமாந்தருடன் நெடுநேரம் மனதளவில் வாழ்ந்தாக வேண்டும் என்பதைத் தன்வரலாற்றிலேயே சொல்கிறார். அந்த நேரம் எந்தக் கட்டத்திலும் பதிவாகவில்லை. நாட்குறிப்பு அவருக்குச் செய்த உதவி வேறு. நூல்கள் விற்காத காலத்தைக் கடந்து வந்தவருக்கு, பதிப்பாளரின் கடிதத்தையோ மனநிலையையோ சாராமல் அன்றைய வேலை முடிந்ததா என்று தெரிந்துகொள்ள அது உதவியது. அவரது கடைசி நாவல் ‘தி லேண்ட்லீகர்ஸ்’ முடிவு பெறாமலேயே 1883-ல் வெளிவந்தது.